பெண்டாங்கில் இருந்துகொண்டே பராமரிப்புத் துறையில் கால் ஊன்ற

எஸ்.பி.எம். முடித்த பிள்ளையிடம் "அடுத்து என்ன?" என்று கேட்டால் கெடாவின் பெண்டாங் வட்டாரத்தில் பெரும்பாலும் இரண்டு பதில்கள்தான் கிடைக்கும். சுங்கைப்பட்டாணி, கூலிம் பக்கம் தொழிற்சாலை, இல்லாவிட்டால் பினாங்கு. ஒரு பக்கம் நெல்வயல், இன்னொரு பக்கம் ரப்பர், இடையில் சின்னப் பட்டணம் என்று இருக்கும் ஊரில் சம்பளம் என்றாலே வெளியூர்தான் என்று நாம் பழகிவிட்டோம். இந்த அத்தியாயம் மூன்றாவது பதிலைப் பற்றியது: மாற்றுத்திறனாளிகளையும், படுக்கையில் விழுந்துவிட்டவர்களையும், தனியாக இருக்கும் முதியோரையும் பராமரிக்கும் வேலை. இதற்கு ஆள் தேவைப்படும் வீடுகள் நீங்கள் மோட்டாரில் போய்வரும் தூரத்திலேயே இருக்கின்றன.

தேவை எவ்வளவு என்று முதலில் பார்த்துவிடுவோம். உலக மக்களில் ஏறத்தாழ 16 விழுக்காட்டினர், அதாவது 130 கோடிப் பேர், குறிப்பிடத்தக்க உடற்குறை அல்லது மனநலக் குறையோடு வாழ்கிறார்கள் என்று உலகச் சுகாதார நிறுவனம் 2022-இல் கணக்கிட்டது. மலேசியாவில் சமூகநல இலாகாவிடம் பதிந்து, மாற்றுத்திறனாளிக்கான ஓ.கே.யு. அட்டை வாங்கியவர்களோ மக்கள்தொகையில் இரண்டு விழுக்காட்டை ஒட்டித்தான் இருக்கிறார்கள். நாம் மட்டும் அவ்வளவு திடகாத்திரமானவர்கள் என்று இதற்குப் பொருளில்லை. பதியாதவர்கள் வீட்டுக்குள் இருக்கிறார்கள்.

நம்மவர்கள் வீட்டில், உடற்குறையில் கொண்டுவிடும் நோய் இன்னும் அதிகம். 2019-இல் எடுத்த தேசிய சுகாதார ஆய்வில் மலேசியப் பெரியவர்களில் 18.3 விழுக்காட்டினருக்கு நீரிழிவு இருந்தது. இந்தியர்களில் மட்டும் அது 31.4 விழுக்காடு. இனிப்பு நீர் என்று சாதாரணமாகச் சொல்லிக்கொண்டு பத்து இருபது ஆண்டுகள் கடத்திய பிறகு கால் எடுக்கிறார்கள், கண் மங்குகிறது, வாரம் மூன்று நாள் டயாலிசிஸ் என்று ஆகிறது, பக்கவாதம் வருகிறது. தோட்டத்து லயத்தில் இருந்தவரை அடுத்த வீட்டு ஆள் எட்டிப் பார்ப்பார், கோயில் திருவிழாவுக்காவது தூக்கிக்கொண்டு போவார்கள். தோட்டங்கள் துண்டாடப்பட்டு மலிவுவிலை அடுக்குமாடிக்கு வந்த பிறகு, மின்தூக்கி இல்லாத மூன்றாம் மாடியில் ஒற்றைக் காலோடு இருப்பவர் கீழே இறங்குவதே மருத்துவமனைக்கு மட்டும்தான்.

இந்த வேலை எதைச் செய்கிறது

"நல்ல மனசு இருந்தா போதும், மத்ததெல்லாம் பழகிக்கலாம்" என்று ஆள் எடுக்கும் இடங்கள் உண்டு. அந்த வாக்கியத்தைக் கேட்டால் எச்சரிக்கையாக இருங்கள். பயிற்சி தரமாட்டார்கள் என்பதும், சம்பளம் பேசவிடமாட்டார்கள் என்பதும் பல சமயம் அதற்குள்ளேயே இருக்கும். இரக்கம் உங்களை வாசல்வரை கொண்டுவரும். உள்ளே வந்த பிறகு தேவைப்படுவது கைத்திறன், குறிப்பெடுக்கும் பழக்கம், அவசரப்படாத குணம் ஆகிய மூன்றும்தான். இதை மேடைப்பேச்சாகச் சொல்லவில்லை. ஒரு கோப்பைத் தேத்தண்ணியை வைத்துக் காட்டுகிறேன்.

கற்றல் குறைபாடு உள்ள ஓர் இளைஞர். வயது இருபதுக்கு மேல். தானே தேத்தண்ணி கலக்கப் பழக வேண்டும் என்பது அவருடைய ஆசை. நல்ல மனசு மட்டும் உள்ளவர் என்ன செய்வார்? "நீ உட்காருப்பா, அண்ணன் கலக்கித் தர்றேன்" என்று கையில் கொடுத்துவிடுவார். பயிற்சி பெற்றவர் அந்த வேலையைத் துண்டு துண்டாக வெட்டுவார். கெண்டியில் பாதி அளவு தண்ணீர். அந்தப் பாதி எது என்று தெரிய வெளியே சிவப்பு டேப். சுவிட்ச். கோப்பை. தேயிலைப் பை. கொதித்த தண்ணீர். பையை எடுப்பது. கெட்டிப்பால் இரண்டு கரண்டி. கலக்குவது. மேசைக்கு எடுத்துப் போவது. எட்டு, ஒன்பது படிகள் வரும். இவற்றில் முதலில் சொல்லிக்கொடுக்க வேண்டியது கடைசிப் படியைத்தான். முன்னால் உள்ளதையெல்லாம் பயிற்றுநர் செய்துவிட்டு, மேசைக்கு எடுத்துப் போவதை மட்டும் அவரிடம் விடுவார். அது கை வந்ததும் கலக்குவதும் எடுத்துப் போவதும். இப்படிப் பின்னாலிருந்து முன்னால் வருவார்கள். முதல் படியிலிருந்து தொடங்கினால் நடுவில் எங்கோ தடுக்கி, "எனக்கு வராது" என்று அந்த இளைஞர் நிறுத்திவிடுவார். கடைசியிலிருந்து தொடங்கினால் ஒவ்வொரு நாளும் வேலையை முடிப்பவர் அவர்தான். சுடுதண்ணீர் ஊற்றும் படியை மட்டும் எல்லாவற்றுக்கும் பிறகு தனியாகப் பழக்க வேண்டும். முதலில் பச்சைத் தண்ணீரில், பிறகு வெதுவெதுப்பில், அப்புறம்தான் கொதிநீரில்.

பக்கத்தில் ஒரு நோட்டு இருக்கும். ஒவ்வொரு படிக்கும் எதிரே மூன்றில் ஒன்று: தானாகச் செய்தார், வாயால் சொன்னதும் செய்தார், கை பிடித்துச் செய்ய வைத்தேன். மூன்று வாரம் கழித்து அந்த நோட்டைப் புரட்டினால் எது நகர்ந்தது, எது நகரவில்லை என்று தெரியும். நகராத படியில் முறையை மாற்ற வேண்டும். இளைஞரைக் குறை சொல்லக் கூடாது. இந்தத் துறையில் நோக்கம் என்று ஒன்று இருந்தால் அது இதுதான்: உங்கள் கை இல்லாமல் அவர் செய்யும் காரியங்களின் கணக்கு கூட வேண்டும். ஆறு மாதம் ஆகியும் அந்தக் கணக்கு ஏறவில்லை என்றால், நீங்கள் எவ்வளவு அன்பாக நடந்துகொண்டாலும் அது ஆள் காவல் மட்டுமே.

பி.டி.கே. என்னும் மையம்

கெடாவில் தொடங்குவோருக்குப் பெரும்பாலும் முதல் கதவு பி.டி.கே. மையம்தான். விரித்தால் 'பெமுலிஹான் டாலாம் கொமுனிட்டி', சமூகத்துக்குள்ளேயே மறுவாழ்வு. 1984-இல் திரெங்கானுவின் பத்து ராக்கிட் முக்கிமில் 55 மாற்றுத்திறனாளிகளோடு சமூகநல இலாகா இதைச் சோதனையாகத் தொடங்கியது. நிபுணர் இருக்கும் நகரத்துக்கு நோயாளியை இழுத்துப் போவதற்குப் பதிலாக, அடிப்படைப் பயிற்சியை ஊர்க்காரர் ஒருவருக்குக் கொடுத்து அவரை வீட்டுக்கு அனுப்பு என்று உலகச் சுகாதார நிறுவனம் அப்போது சொல்லிக்கொண்டிருந்த யோசனை அது. இன்று நாடு முழுவதும் ஐந்நூறுக்கு மேற்பட்ட மையங்கள். வாரத்தில் சில நாள் மையத்துக்கு வருவோருக்கு நடை, பேச்சு, தன்பராமரிப்பு, கைத்தொழில் பயிற்சி. வர முடியாதவர் வீட்டுக்குப் பணியாளர் போவார். பயிற்சிக்கு வருவோருக்கு மாத உதவித்தொகை உண்டு.

இதில் ஒரு நெளிவு இருக்கிறது. சேருமுன்பே தெரிந்துகொள்ளுங்கள். மையத்தை நடத்துவது ஊர்ச் செயற்குழு, பணம் வருவது இலாகாவிடமிருந்து. பணியாளரை நியமிப்பதும் அந்தக் குழுதான். ஆகவே பி.டி.கே. ஊழியர் அரசு ஊழியர் அல்லர். பென்ஷன், கிரேடு, பதவி உயர்வு என்ற ஏணி அங்கே கிடையாது. இருந்தும் நான் இதைத்தான் முதலில் சொல்வேன். ஒரே கூரையின் கீழ் மூளை முடக்குவாதம், ஆட்டிசம், டவுன் சிண்ட்ரோம், காது கேளாமை என்று அத்தனையையும் இரண்டு ஆண்டில் பார்த்துவிடும் இடம் சிறு பட்டணத்தில் வேறில்லை. பழகி, எதில் உங்கள் கை ஓடுகிறது என்று தெரிந்துகொண்டு, அங்கிருந்து ஏறலாம். பக்கத்தில் எந்த மையம் ஆள் எடுக்கிறது என்பதை மாவட்டச் சமூகநல அலுவலகத்தில் நேரில் போய்க் கேளுங்கள். முகநூலில் விளம்பரம் வருமென்று காத்திருந்தால் இடம் நிரம்பியிருக்கும்.

சின்ன ஊரில் என்ன நடந்துவிடும் என்பவர்களுக்குத் தமிழ்நாட்டு உதாரணம் ஒன்று. தென்காசிக்குப் பக்கத்தில் ஆய்க்குடி. எஸ். ராமகிருஷ்ணன் பொறியியல் மாணவராக இருந்தபோது, 1975-இல், கடற்படை அதிகாரித் தேர்வில் விழுந்து முதுகுத்தண்டு அடிபட்டு, கழுத்துக்குக் கீழே செயலிழந்தார். 1981-இல் சொந்த ஊரிலேயே அமர் சேவா சங்கத்தைத் தொடங்கினார். தசைச் சிதைவு நோயோடு சக்கர நாற்காலியில் இருந்த பட்டயக் கணக்கர் எஸ். சங்கரராமன் பிறகு வந்து சேர்ந்தார். ராமகிருஷ்ணனுக்கு 2020-இல் பத்மஸ்ரீ கிடைத்தது. அதைவிட நமக்குப் பயன்படுவது அவர்களுடைய வேலைமுறை. கிராமத்துப் பெண்களுக்குப் பயிற்சி கொடுத்து, கைப்பேசிச் செயலியோடு வீடு வீடாக அனுப்புகிறார்கள். குழந்தையின் வளர்ச்சியை அவர்கள் அதில் பதிவுசெய்ய, சிகிச்சை நிபுணர் மையத்திலிருந்து பார்த்து அடுத்த வாரப் பயிற்சியைச் சொல்கிறார். பத்து ராக்கிட்டில் தொடங்கியதும் ஆய்க்குடியில் நடப்பதும் ஒரே யோசனைதான். வித்தியாசம், ஆய்க்குடியில் அதை நடத்தியவர்களே மாற்றுத்திறனாளிகள். உங்கள் மையத்தின் செயற்குழுவில் ஓ.கே.யு. அட்டை வைத்திருப்பவர் எத்தனை பேர் என்று ஒருநாள் கேட்டுப் பாருங்கள். பதில் சங்கடமாக இருக்கலாம், கேளுங்கள்.

வீட்டு வாசலில்

முதல் வீட்டுப் பார்வை பற்றி எந்தப் பாடப்புத்தகமும் நம் வீடுகளை வைத்து எழுதியதில்லை. ஆகவே கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன்.

நீங்கள் பார்க்கப் போன பிள்ளை உள்ளறையில் இருப்பான். அம்மா முன்வாசலில் நின்றுகொண்டே பேசுவார்.

"அவன் எதுக்குமா அங்கெல்லாம்? ஊரே பார்க்கும். இங்கயே கெடக்கட்டும், நான் பாத்துக்கிறேன்."

இதற்குப் பதிலாக உரிமை, 2008-ஆம் ஆண்டு மாற்றுத்திறனாளிகள் சட்டம் என்று தொடங்கினால் கதவு சாத்தப்படும். அவர் சொன்னதில் வெட்கத்தைவிடப் பயம் அதிகம். முன்பு யாரோ சிரித்திருப்பார்கள். உறவுக்காரர் யாரோ பூர்வஜென்மம் என்று சொல்லியிருப்பார்கள். உட்காரச் சொன்னால் உட்காருங்கள். தண்ணீர் கொடுத்தால் குடியுங்கள். "ஆன்ட்டி, தம்பிய ஒரு வாட்டி பாத்து வணக்கம் சொல்லிட்டுப் போறேனே" என்று மட்டும் கேளுங்கள். உள்ளே போனதும் பேச வேண்டியது அவனிடம்தான். அவன் பதில் சொல்லாவிட்டாலும் அவன் பெயரைச் சொல்லி, அவன் கண் மட்டத்துக்குக் குனிந்து, உங்கள் பெயரைச் சொல்லுங்கள். கேள்வியை அவனிடம் கேட்டு, பதிலுக்குப் பத்து வினாடியாவது காத்திருங்கள். அம்மா முந்திக்கொண்டு பதில் சொல்வார். பரவாயில்லை, மறுபடியும் அவனைப் பார்த்தே கேளுங்கள். தன் மகனிடம் ஒருவர் நேராகப் பேசுவதை அந்த அம்மா பல வருஷம் பார்த்திருக்கமாட்டார்.

இன்னொன்று: "பாவம்" என்று வாய் தவறிக்கூடச் சொல்லாதீர்கள். வயது இருபதைத் தாண்டியவரைக் குழந்தைபோலக் கொஞ்சவும் வேண்டாம். பெரியவர்களைப் பெரியம்மா, தாத்தா என்று கூப்பிட்டால் வீடு திறக்கும். ஆனால் உடம்பைத் தொடுமுன் தாத்தாவிடமும் அனுமதி கேட்க வேண்டும். உறவுமுறை சொல்லிக் கூப்பிடுவது அனுமதி ஆகிவிடாது.

மூன்றாவது, நான்காவது பார்வையில்தான் காகிதங்கள் வெளியே வரும். ஓ.கே.யு. அட்டை இருக்கிறதா? செவி, பார்வை, பேச்சு, உடல், கற்றல், மனநலம், பல்வகை என்று ஏழு பிரிவுகள். மருத்துவர் பாரத்தில் உறுதி செய்ய வேண்டும். பிறகு மாவட்டச் சமூகநல அலுவலகம், அல்லது இலாகாவின் இணையப் பதிவு. பிள்ளைக்குப் பிறப்புப் பத்திரமே இல்லை, அல்லது அப்பாவின் அடையாள அட்டை சிவப்பு, அதாவது குடியுரிமை இல்லை, என்று தெரியவந்தால் முதல் வேலை பதிவு இலாகாவில் இருக்கிறது. அதைத் தீர்க்காமல் அட்டைக்கு அலைவது வீண். தோட்டத்திலிருந்து வந்த குடும்பங்களில் இது இன்றைக்கும் வருகிறது. அட்டை வந்த பிறகு தொகைகள். வேலை செய்ய இயலாத மாற்றுத்திறனாளிக்கு 300 ரிங்கிட், குறைந்த சம்பளத்தில் வேலை செய்பவருக்கு 450, படுத்த படுக்கையாக இருப்பவரைப் பார்த்துக்கொள்ளும் குடும்பத்துக்கு 500 என்று 2021-இல் உயர்த்தினார்கள். வருமான வரம்பும் தொகையும் மாறிக்கொண்டே இருப்பவை, ஆகவே போகும்போதெல்லாம் கேட்டு உறுதி செய்யுங்கள். பாரங்கள் மலாயில் இருக்கும். அதைப் பாட்டிக்குப் புரியும் தமிழில் சொல்லி, பாட்டி சொல்வதை அலுவலகத்துக்குப் புரியும் மலாயில் எழுதத் தெரிந்தவருக்குக் கெடாவில் எப்போதும் வேலை உண்டு. தமிழ்ப்பள்ளியில் படித்த உங்களுக்கு இது ஒரு மூலதனம்.

மற்ற கதவுகள்

பள்ளிக்கூடம். கல்வி அமைச்சு 2019-இல் எந்தப் பிள்ளையையும் திருப்பி அனுப்பக் கூடாது என்ற கொள்கையைக் கொண்டுவந்தது. தேசியப் பள்ளிகளிலும் சில தமிழ்ப்பள்ளிகளிலும் ஒருங்கிணைந்த சிறப்புக் கல்வி வகுப்புகள் இருக்கின்றன. அங்கே ஆசிரியருக்குத் துணையாக மாணவர் நிர்வாக உதவியாளர் என்ற அரசுப் பதவி உண்டு. எஸ்.பி.எம். போதும். கழிப்பறைக்குக் கூட்டிப்போவது, சாப்பிட வைப்பது, வகுப்பைவிட்டு ஓடும் பிள்ளையைத் திரும்பக் கொண்டுவருவது எல்லாம் அவர் வேலை. ஆசிரியராகவே போக விரும்பினால் கெடாவிலேயே இரண்டு ஆசிரியர் பயிற்சிக் கழகங்கள்: ஜித்ராவில் டாருல் அமான், சுங்கைப்பட்டாணியில் சுல்தான் அப்துல் ஹலிம். சிறப்புக் கல்விப் பிரிவு எந்த ஆண்டு எங்கே திறக்கிறது என்று பார்த்து விண்ணப்பியுங்கள்.

சுகாதாரத் துறை. படுக்கை நோயாளியை வீட்டிலேயே போய்ப் பார்க்கும் சேவையை அரசுக் கிளினிக்குகள் நடத்துகின்றன. அதில் தாதியும் பிசியோதெரபி சிகிச்சையாளரும் போவார்கள். அந்தத் தகுதிக்குப் படிப்பு வேண்டும். பிசியோதெரபி, தொழில்வழிச் சிகிச்சை, பேச்சுச் சிகிச்சை ஆகியவை 2016-ஆம் ஆண்டின் துணை மருத்துவத் தொழில்கள் சட்டத்தின் கீழ் வருகின்றன. பதிவு இல்லாமல் அந்தப் பெயரைப் பலகையில் போட முடியாது. ம.இ.கா. தொடங்கிய ஏய்ம்ஸ்ட் பல்கலைக்கழகம் பீடோங் பக்கம் செமிலிங்கில் இருக்கிறது. அங்கே பிசியோதெரபி பட்டம் உண்டு.

முதியோர் இல்லங்கள். இலாகாவின் ஸ்ரீ கெனாங்கான் இல்லம் பீடோங்கில் இருக்கிறது. தனியார் இல்லங்கள் ஊருக்கு ஊர் முளைக்கின்றன. நாலு பேரோ அதற்கு மேலோ தங்கவைத்துப் பராமரிக்கும் எந்த இடமும் 1993-ஆம் ஆண்டின் பராமரிப்பு மையங்கள் சட்டப்படி பதிவு பெற்றிருக்க வேண்டும். வேலைக்கு நேர்முகத்துக்குப் போகும்போது சுவரில் அந்தப் பத்திரம் தொங்குகிறதா என்று பாருங்கள். தொங்கவில்லை என்றால் கேளுங்கள். மழுப்பினால் எழுந்து வந்துவிடுங்கள்; நாளைக்கு அங்கே ஏதாவது நடந்தால் உங்கள் பெயரும் சேர்ந்து வரும். உள்ளே யாரையாவது கட்டிப் போட்டிருப்பதையோ அடிப்பதையோ பார்த்தால் தாலியான் காசே 15999 எண்ணுக்குச் சொல்லலாம்.

வேலைப் பயிற்றுநர். இது நம்மவர்கள் அதிகம் அறியாத கதவு. ஜப்பானின் ஜைக்கா நிறுவனத்தோடு சேர்ந்து சமூகநல இலாகா 2005 வாக்கில் தொடங்கிய முயற்சியில் வந்த பயிற்சி. மாற்றுத்திறனாளி ஒருவர் தொழிற்சாலையிலோ பேரங்காடியிலோ வேலைக்குச் சேரும்போது முதல் சில வாரம் கூடவே நின்று, வேலையைப் படி படியாகப் பிரித்துக் காட்டி, மேற்பார்வையாளரையும் பழக்கிவிட்டு, மெல்ல விலகுபவர். தேத்தண்ணி உதாரணத்தைத் தொழிற்சாலைக்குள் கொண்டுபோனால் இதுதான். கூலிமில் உயர்தொழில்நுட்பப் பேட்டை இருக்கும் மாநிலத்தில், தொழிற்சாலையில் நாலு வருஷம் வேலை பார்த்துச் சலித்துப் போனவருக்கு இது நன்றாகப் பொருந்தும். இயந்திரமும் தெரியும், மேற்பார்வையாளரின் பேச்சும் தெரியும்.

சைகை மொழி கற்றுக்கொண்டால் இந்தக் கதவுகள் எல்லாவற்றிலும் உதவும். மலேசியச் சைகை மொழியை 2008-ஆம் ஆண்டு மாற்றுத்திறனாளிகள் சட்டம் காது கேளாதோரின் அதிகாரப்பூர்வ மொழியாக ஏற்றிருக்கிறது. அந்தச் சட்டத்தில் மீறுவோருக்குத் தண்டனை இல்லை என்ற குறை பெரிது. ஆனாலும் ஒரு மையத்தில் நீங்கள் வாதாட அது கையில் இருப்பது நல்லது.

சான்றிதழும் சம்பளமும்

கையில் அனுபவம் உண்டு, காகிதம் இல்லை என்பவர்கள் நம்மிடையே ஏராளம். மாமியாரை எட்டு வருஷம் படுக்கையில் வைத்துப் பார்த்த மருமகளுக்குத் தெரிந்ததைப் பல கல்லூரிகள் சொல்லிக்கொடுப்பதில்லை. எஸ்.கே.எம். எனப்படும் மலேசியத் திறன் சான்றிதழ் இதற்கு வழி வைத்திருக்கிறது. வகுப்பில் உட்காராமல், செய்த வேலையை ஆதாரத்தோடு காட்டிச் சான்றிதழ் வாங்கும் முன்னனுபவ அங்கீகார முறை அதில் உண்டு. பராமரிப்புத் துறையிலும் நிலைகள் இருக்கின்றன. மூன்றாம் நிலைக்கு மேல் டிப்ளோமா. ஆதாரம் என்றால் மேலே சொன்ன நோட்டு, பயிற்சிக் கடிதங்கள், மேற்பார்வையாளரின் கையெழுத்து, அனுமதியோடு எடுத்த படங்கள். அனுமதி என்பதை அழுத்திச் சொல்கிறேன். பராமரிப்பில் இருப்பவரின் முகத்தை உங்கள் டிக்டாக்கில் போடுவது, எவ்வளவு நெகிழ்ச்சியான பாட்டோடு போட்டாலும், அவருடைய மானத்தை விற்பதுதான்.

பட்டம்வரை போக விரும்புவோருக்கு வடக்கு நல்ல இடம். நாட்டிலேயே முதலில், 1975-இல், சமூகப்பணிப் பட்டப்படிப்பைத் தொடங்கியது பினாங்கின் யு.எஸ்.எம். பல்கலைக்கழகம். கெடாவிலேயே சிந்தோக்கில் இருக்கும் யு.யு.எம். சமூகப்பணி நிர்வாகத்தில் பட்டம் தருகிறது. பி.டி.கே.யில் இரண்டு வருஷம் இருந்துவிட்டு அந்த வகுப்புக்குப் போகிறவரும், நேராக எஸ்.டி.பி.எம்.மிலிருந்து போகிறவரும் ஒரே பாடத்தை இரண்டு விதமாகப் படிப்பார்கள். முதலாமவருக்கு ஒவ்வொரு பக்கத்திலும் ஒரு வீட்டின் முகம் தெரியும்.

சம்பளம் பேசக் கூச்சப்படாதீர்கள். 2025 பிப்ரவரியிலிருந்து குறைந்தபட்சச் சம்பளம் 1,700 ரிங்கிட். அந்த ஆகஸ்டு முதல் சிறு முதலாளிகளுக்கும் அதுவே. தனியார் இல்லமோ வீட்டுப் பராமரிப்பு நிறுவனமோ உங்களை வேலைக்கு வைத்தால் இ.பி.எஃப்., சொக்சோ இரண்டையும் கேளுங்கள், சம்பளச் சீட்டையும் கேளுங்கள். சொக்சோ இங்கே வெறும் சம்பிரதாயம் இல்லை. முதுகு பிடித்துக்கொள்வதும் குளியலறையில் வழுக்கி விழுவதும் இந்த வேலையில் சகஜம். "இது புண்ணிய காரியம், இதுக்குப் போய் கணக்குப் பாக்கிறியா?" என்று முதலாளி கேட்டால், மின்சாரக் கட்டணத்தை அவர் புண்ணியத்தால் கட்டுகிறாரா என்று மனதுக்குள் கேட்டுக்கொண்டு, வாயால் மறுபடியும் மரியாதையாகத் தொகையைச் சொல்லுங்கள். உணவுக்கும் வாடகைக்கும் போதாத சம்பளத்தில் இரண்டு வருஷத்துக்கு மேல் தாக்குப்பிடித்தவர்களை நான் அதிகம் பார்த்ததில்லை. அவர்கள் விலகும்போது பாதிக்கப்படுவது, அவர்களிடம் பழகிவிட்ட அந்தப் பிள்ளைதான்.

உடம்பு

தூக்குவதை யாரும் சொல்லிக்கொடுக்காமலே செய்கிறோம், அதனால்தான் தப்பாகச் செய்கிறோம். கட்டிலிலிருந்து சக்கர நாற்காலிக்கு ஒருவரை மாற்றுமுன் நாற்காலியைக் கட்டிலுக்குச் சாய்வாக, அவருடைய பலமுள்ள பக்கத்தில் கொண்டுவந்து நிறுத்துங்கள். இரண்டு பிரேக்கும் பூட்டியிருக்க வேண்டும், கால் பலகை விலகியிருக்க வேண்டும். அவரைக் கட்டில் விளிம்புக்கு நகர்த்தி, பாதம் தரையில் பதிந்திருக்கிறதா என்று பாருங்கள். உங்கள் முழங்கால் மடங்கட்டும், முதுகு வளைய வேண்டாம். அக்குளில் கைகொடுத்து இழுக்கக் கூடாது. பக்கவாதம் வந்த தோள் கழன்றுவிடும். இடுப்பில் பெல்ட் இருந்தால் அதைப் பிடியுங்கள். "ஒன்னு, ரெண்டு, மூனு" என்று அவரையும் சேர்ந்து எண்ணச் சொல்லுங்கள். மூன்றில் அவரும் தம் பங்குக்கு எழும்புவார். பாதி பாரம் அங்கேயே குறைந்துவிடும்.

படுக்கையில் இருப்பவரை இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறையாவது புரட்ட வேண்டும். இடுப்புக்குப் பின்னால், குதிகால், முழங்கை, காது மடல் என்று எலும்பு அழுந்தும் இடங்களைத் தினமும் வெளிச்சத்தில் பாருங்கள். கறுப்புத் தோலில் சிவப்பு தெரியாது. தொட்டுப் பாருங்கள், சுற்றியுள்ள தோலைவிடச் சூடாகவோ கெட்டியாகவோ இருந்தால் புண் தொடங்குகிறது. அதன்மேல் தேய்த்துப் பிடிக்கக் கூடாது. எண்ணெய் போட்டுத் தேய்த்துவிடச் சொல்லும் பாட்டியிடம் பொறுமையாக விளக்குங்கள். சாப்பாடு ஊட்டும்போது நிமிர்ந்த நிலையில் உட்கார வைத்து, முடிந்த பிறகும் அரை மணி நேரம் அப்படியே விடுங்கள். படுக்க வைத்து ஊட்டிய கஞ்சி நுரையீரலுக்குப் போய் நிமோனியா ஆவது நம் வீடுகளில் அடிக்கடி நடக்கிறது.

உங்கள் மனசைப் பற்றியும் ஒரு வார்த்தை. மாதக்கணக்கில் பார்த்துக்கொண்ட ஒருவர் இறந்துபோவார். சாவு வீட்டுக்குப் போங்கள், அழுகை வந்தால் அழுங்கள், கருமாதிக்கு அழைத்தால் போங்கள். மறுநாளே அடுத்த வீட்டுக்கு அனுப்பும் முதலாளியிடம் ஒருநாள் விடுப்புக் கேட்பது தப்பில்லை.

வெளிநாடு என்று சொல்லிக்கொண்டு வருபவர்கள்

இங்கே இரண்டு வருஷ அனுபவம் சேர்ந்ததும் ஏஜெண்டுகள் தேடி வருவார்கள். சிங்கப்பூர், ஆஸ்திரேலியா, இங்கிலாந்து என்று படம் காட்டுவார்கள். வெளிநாட்டில் பராமரிப்பு வேலை உண்மையிலேயே இருக்கிறது, சம்பளமும் கூடுதல்தான். ஆனால் விதிகள் ஒரே இரவில் மாறும். வெளிநாட்டிலிருந்து புதிதாகப் பராமரிப்பாளரை எடுக்கும் விசா வழியை இங்கிலாந்து 2025 ஜூலை 22-இல் மூடிவிட்டது. அதன் பிறகும் அந்த விசாவுக்கென்று உங்களிடம் யாராவது முன்பணம் கேட்டால், அந்த உரையாடலை அங்கேயே நிறுத்தலாம். எந்த நாடானாலும் அந்த நாட்டுக் குடிநுழைவுத் துறையின் தளத்தில் நீங்களே படித்துப் பாருங்கள், கடவுச்சீட்டின் அசலை யாரிடமும் கொடுக்காதீர்கள், எஸ்.கே.எம். சான்றிதழை அங்கே ஏற்கிறார்களா என்பதை எழுத்தில் வாங்குங்கள்.

போகாமல் இங்கேயே இருக்க முடிவு செய்பவர் அடுத்த திங்கட்கிழமை செய்யக்கூடியது இது. மோட்டார் ஓட்டும் பி2 லைசென்ஸ் இல்லையென்றால் அதற்குப் பதியுங்கள்; பெண்டாங் உட்புறத்து வீடுகளுக்கு நம்பிப் போகும்படி பஸ் கிடையாது. மாவட்டச் சமூகநல அலுவலகத்துக்குப் போய், பி.டி.கே. வேலையைக் கேட்கும்போதே வீட்டு உதவிச் சேவைக்குத் தன்னார்வலர் எடுக்கிறார்களா என்றும் கேளுங்கள். தனியாக இருக்கும் முதியோர், மாற்றுத்திறனாளி வீடுகளுக்கு வாரம் சில முறை போய்வரும் அந்தச் சேவையில் சேர்ந்தால், வேலையை விடாமலே இந்தத் துறை உங்களுக்கு ஒத்துவருமா என்று பார்த்துவிடலாம். பிறகு, உங்கள் வீட்டிலோ அடுத்த வீட்டிலோ அட்டை இல்லாமல் இருக்கும் ஒருவரின் பாரத்தை நிரப்பிப் பாருங்கள். எந்தப் பக்கத்தில் மாட்டிக்கொண்டீர்கள், யார் கையெழுத்துக்கு எத்தனை முறை போனீர்கள் என்று எழுதி வையுங்கள். நேர்முகத்தில் "அனுபவம் உண்டா?" என்று கேட்பார்கள், அந்தத் தாளை எடுத்து நீட்டலாம்.